ஆகட்டும் மாமி

மாமியின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. 'முடியாது', 'வேண்டாம்' எல்லாம் அப்புறம்தான். எதைக் கேட்டாலும், நாம் கேட்டு முடிப்பதற்குள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "ஆகட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் மோசம் போனேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தும் அவரை 'அவள்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

மைசூர் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமியின் வீடு. கீழே மாமி தனியாக இருந்தார், மாடியில் என் குடித்தனம். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர்கள் வந்து கும்பிட்டு ஓட்டுக் கேட்டால் ஆகட்டும். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் ஆகட்டும், வெயிலில் வந்தார்களே என்று கூடவே மோர். கேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக் கொடியும் சமாதானமாக ஆடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை "அம்மா, என்னோடயே வந்துடு" என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவார். மாமியும் ஒவ்வொரு வருஷமும் ஆகட்டும் என்பார். பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வைகாசியில் நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணம், மேல்கோட்டையில் ஒரு பூணூல், இரண்டும் ஒரே முகூர்த்தம். இரண்டு வீட்டுக்கும் முதல் நாளே வந்து கூடமாட ஒத்தாசை செய்வதாக மாமி வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குக் கால்வலி என்று படுத்துக்கொண்டார், இரண்டுக்கும் போகவில்லை. பிறகு இரண்டு வீட்டுக்காரர்களும் பட்சணப் பொட்டலத்தோடு கால்வலி விசாரிக்க வந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. நான் மாடிப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் முறையும் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

"ஏன் மாமி, வர முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டா என்னங்க?" என்று கேட்டேன்.

"இல்லேன்னு சொல்றதுக்குன்னு தனியா ஒரு வாய் வேணும்டிம்மா. எனக்குப் பெருமாள் அதைக் குடுக்கலையே" என்றார்.

நான் கொள்ளேகால்காரி. இங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்தேன். வீடு தேடி அலைந்தபோது வீட்டுக்காரர்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள், பிறகு என் கையிலிருந்த கூடையைப் பார்ப்பார்கள், உடனே அவர்களுடைய மைத்துனர் அந்த வீட்டுக்குக் குடிவருவதாக ஞாபகம் வந்துவிடும். கூடைக்குள் இருந்தது போண்டா. பாமரேனியனும் வேறு எதுவோவும் கலந்த சின்ன வெள்ளை நாய். குட்டியாக இருந்தபோது உருண்டையாக இருந்தான் என்று என் அண்ணன் 'மைசூர் போண்டா' என்று பெயர் வைத்தான். மைசூர் கழன்றுவிட்டது, போண்டா நின்றுவிட்டது.

மாமியிடம் மட்டும் உண்மையை மறைக்காமல் சொன்னேன். "நாய் இருக்குங்க மாமி. நான் வேலைக்குப் போயிட்டா தனியா இருக்கமாட்டான். குரைப்பான்."

"ஆகட்டும். எங்கிட்டே விட்டுட்டுப் போயேன். நானும் தனியாத்தானே உக்காந்துண்டிருக்கேன்."

அப்படித்தான் போண்டாவுக்குப் பகலெல்லாம் கீழ்வீடு என்று ஆயிற்று. பூஜை அறையான பெருமாள் உள்ளுக்குள் மட்டும் போகக்கூடாது, வாசற்படி வரைக்கும் வரலாம் என்பது ஏற்பாடு. மாமி தளிகை செய்து பெருமாளுக்குக் காட்டி முடிக்கும்வரை அவன் படிக்கு இந்தப் பக்கம் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி மிளகு ரசம், அவர் பேச்சில் சாத்தமுது, கொண்டுவருவார். என் அம்மா போன பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தசரா முடிந்த கையோடு போண்டா வாந்தியெடுக்க ஆரம்பித்தான். முதலில் சோறு, பிறகு மஞ்சள் நுரை, பிறகு வெறும் தண்ணீர். கண்ணின் வெள்ளையைத் திறந்து பார்த்தால் அங்கேயும் மஞ்சள். ஆட்டோவில் மாமியும் வந்தார். மடிப் புடவையைக்கூட மாற்றாமல் அவனை மடியில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் அவன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ரத்தம் எடுத்து, வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்து, கல்லீரல் கெட்டிருக்கிறது, கணையமும் வீங்கியிருக்கிறது என்றார். கணையம் என்று ஒரு உறுப்பு இருப்பதைப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். சின்ன உடம்பு, கொழுப்பை அதனால் தாங்க முடியாது, ஒவ்வொரு தடவை வீங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும், ஒரு தடவை திரும்பி வராமலும் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "துப்ப கொடலேபேடி அஜ்ஜி" என்றார். நெய் கொடுக்கவே கூடாது.

"ஆகலி டாக்டரே" என்றார் மாமி. கன்னடத்திலும் அவருக்கு அதே சொல்தான்.

நெய், வெண்ணெய், எண்ணெய், தேங்காய் எதுவும் ஆகாது. தோலுரித்த கோழியின் நெஞ்சுக்கறியை வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, குழைந்த சோறும் பூசணியும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். கோழி என்றதும் எனக்கு மாமியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த வீட்டில் வெங்காயமே விசேஷ நாளில் பின்கட்டோடு நின்றுவிடும்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது மாமியே ஆரம்பித்தார். "மருந்துதானேடி அது. மாடியிலே பண்ணிக்கோ. டப்பாவிலே போட்டுக் குடுத்துட்டுப் போ. நான் ஸ்பூனாலே எடுத்து வேளாவேளைக்கு வெச்சுட்டுக் கையலம்பிண்டுடறேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதுங்களா மாமி?"

"ஆகட்டும் போ" என்றார். நான் ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் இருவரின் நாளும் போண்டாவின் வயிற்றைச் சுற்றியே நடந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றில் கல்லீரலுக்கு ஒரு மாத்திரை. குமட்டலுக்கு ஒன்று. பழுப்பு நிறத்தில் ஒரு டானிக், என் நைட்டியெல்லாம் அதன் கறை. மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்து நான் போனதும் துப்புவதில் போண்டா கெட்டிக்காரன். மாமி அவன் வாயை மூடிப் பிடித்து மூக்கில் மெல்ல ஊதுவார், அவன் திடுக்கிட்டு விழுங்கிவிடுவான். டாக்டர் ஒரே ஒரு தடவை செய்து காட்டியதை அவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வரும். "சாப்டான். டப்பா காலி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். சாயங்காலம் நான் வரும்போது டப்பா கழுவி, துடைத்து, மாடிப்படியின் முதல் படியில் கவிழ்த்து வைத்திருக்கும். அந்தப் போனும் அந்தக் கவிழ்த்த டப்பாவும்தான் என் நிம்மதி.

ஆனால் போண்டா தேறவில்லை. கொஞ்ச நாள் துள்ளுவான், மறுபடியும் சுருண்டு படுப்பான். மறுபடியும் டிரிப்ஸ், மறுபடியும் முன்காலில் ரோமம் மழித்த இடத்தில் ஊசி. டாக்டர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது வேறு ஏதாவது கொடுக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க மாமி அப்படிப்பட்டவங்க இல்லைங்க டாக்டர்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னேன். கறிக்கடையை மாற்றினேன், அரிசியை மாற்றினேன், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். மாமியிடம் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"மாமி, நீங்க வேற எதுவும் குடுக்கிறதில்லீங்களே?"

"நான் குடுப்பேனோ? என் கொழந்தைடி அது" என்றார் மாமி. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கேட்டதற்காக நானே வெட்கப்பட்டேன்.

அந்தச் சந்தில் காது கிழிந்த செம்பட்டை நாய் ஒன்று உண்டு. விலா எலும்பெல்லாம் தெரிய, பூட்டிய கடைப் படியில் படுத்திருக்கும். அந்த மாதங்களில் அது பளபளவென்று ஆகிவிட்டது. முதுகில் சதை, நடையில் ஒரு மிதப்பு. "என்னடா, உனக்கு வந்த வாழ்வு!" என்று ஸ்கூட்டரை நிறுத்தி அதைக் கேலி செய்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவேன். அதுவும் என்னைப் பார்த்து வாலை ஆட்டும். நன்றியுள்ள நாய், வேறென்ன சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஓடிவாடி, இந்த அதிசயத்தை வந்து பாரு!"

இறங்கிப் போனேன். பெருமாள் உள்ளின் வாசற்படியில் போண்டா முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் ஒட்டி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நின்றுகொண்டிருந்தான். முகம் நேராகப் பெருமாளைப் பார்த்திருந்தது.

"சேவிக்கறதுடி! யாரும் சொல்லிக்குடுக்கலை, தானாப் பண்றது. இது முதல்தரம் இல்லை. எந்த ஜன்மத்துப் புண்ணியமோ!" மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் மெய்சிலிர்த்தது. படம் எடுத்து போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு அனுப்பினேன், அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

அடுத்த தடவை கிளினிக்கில் ஏதோ ரிப்போர்ட் காட்டப் போனை எடுத்தபோது டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். போனைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இது வயிற்றுவலி" என்றார். கணையம் வீங்கினால் நாய்கள் இப்படித்தான் நிற்கும், மேல்வயிறு இழுபடும்போது வலி கொஞ்சம் குறையும் என்றார். வலி தாங்காமல் துடித்த என் பிள்ளையைத்தான் நான் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். படத்தை அங்கேயே அழித்தேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் விவரமாகச் சொன்னேன். "அது கும்பிடுறதில்லீங்க மாமி. வலி. அப்படி நின்னான்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

மாமி பெருமாள் உள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, "ஆகட்டும்" என்றார்.

மார்கழியில் கூடாரை வந்தது. வைணவ வீடுகளில் அன்றைக்கு அக்காரவடிசல். பாலில் அரிசியைக் குழைய வேகவைத்து, வெல்லம் போட்டு, மேலே நெய்யை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நெய்க்கு அன்று அளவு கிடையாது. காலையில் டப்பாவைக் கொடுக்கும்போதே கீழ்வீடு முழுக்க மணத்தது. "மாமி, இன்னைக்குக் கவனமுங்க" என்றேன். வழக்கமான பதில்தான் வந்தது.

கல்லூரியில் பழைய ஆசிரியர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று அன்று பாதியிலேயே விட்டுவிட்டார்கள். நான் ஸ்கூட்டரைப் பின்கட்டு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் செம்பட்டை நாய் ஒரு வாழையிலைத் துண்டை நக்கிக்கொண்டிருந்தது. இலையில் பூசணியும் கோழியும் சோறும். நான் விடியலில் எழுந்து கொழுப்பை வடித்து, விரலால் எலும்பு தேடிப் பிசைந்த சோறு. கல்லின்மேல் என் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

பின்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மாமி மணையில் உட்கார்ந்திருந்தார். பெருமாள் உள் படியில் போண்டா அதே மாதிரி நெஞ்சைத் தரையில் ஒட்டிக் குனிந்திருந்தான். "சேவிச்சது போறும் கண்ணா, ஆ காட்டு" என்று மாமி அக்காரவடிசலை உருட்டி அவன் வாயில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். தின்றுவிட்டு மறுபடி குனிந்தான். மாமி அடுத்த உருண்டையை எடுத்தார். வலிக்குக் குனிகிறான், குனிந்ததற்கு நெய் கிடைக்கிறது, அந்த நெய் மறுபடி வலியைக் கொண்டுவருகிறது. தசரா தொட்டு இந்தச் சுற்றுத்தான் அந்தப் படியில் நடந்திருக்கிறது.

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் பதற்றம் துளியும் இல்லை. "வந்துட்டியா? நல்ல வேளை, சூடா இருக்கு. கையை நீட்டு" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கை தானாக நீண்டது. அவர் உருண்டையை வைத்தார், நெய் மணிக்கட்டு வழியாக இறங்கியது. அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது.

"என்னங்க மாமி இது? ஒரு சொட்டுகூட ஆகாதுன்னு டாக்டர் உங்ககிட்டத்தானே சொன்னாங்க? சரின்னுதானே சொன்னீங்க?"

"நெய்ன்னுதானே சொன்னா. இது பெருமாள் பிரசாதம்டி. அது கெடுதல் பண்ணுமோ?"

"அவன் கும்பிடலை, வலியில நிக்கிறான்னு நான் சொன்னேனா இல்லையா?"

"நீ சொன்னே. டாக்டரும் சொன்னா. ஆனா கொழந்தை எதிரிலே வந்து இப்படி விழுந்து சேவிக்கறச்சே எப்படிடி இல்லேன்னு சொல்றது? வாயில்லாத ஜீவன்!"

"அப்போ எனக்கு? தினமும் போன் பண்ணி டப்பா காலின்னு சொன்னீங்களே, அது?"

மாமி என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "நீ அவ்வளவு ஆசையாப் பண்ணிக் குடுக்கறே. அவன் தொடலைன்னு சொன்னா உன் மனசு என்ன பாடுபடும்? உனக்கும் இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலையே."

கையிலிருந்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிரசாதத்தை அப்படிப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார். போண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிளினிக் வாசல் போய்ச் சேர்வதற்குள் என் புடவை முழுக்க நெய்யும் பித்தமுமாக வாந்தியெடுத்துவிட்டான்.

அந்தத் தடவை அவன் பிழைப்பான் என்று டாக்டரே சொல்லவில்லை. வயிற்றைத் தொட்டால் முனகுவான். வாலை மட்டும் சில சமயம் அசைப்பான். மாமி தினமும் ஆட்டோ பிடித்து வந்தார். உள்ளே விடக்கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்தேன். அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஆகட்டும் என்று வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், கையில் துளசியோடு. நான் அவரைத் தாண்டிப் போவேன், வருவேன். பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

நெய் கொடுத்ததைக்கூட மறந்துவிடலாம். மனுஷர்களுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருக்கும். அந்த மத்தியானப் போன்களை எப்படி மறப்பது? "சாப்டான்" என்று சொன்ன அந்தக் குரலில் ஒரு பிசிறுகூட இருந்ததில்லை. டாக்டரிடம் நான் சண்டைபோட்டது அந்தக் குரலுக்காக.

போண்டா பிழைத்தான். குவெம்பு நகரில் வீடு பார்த்துவிட்டு மாமியிடம் போய் நின்றேன். "நான் காலி பண்றேனுங்க மாமி."

அவர் துளசிமாடத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன். போகாதே என்று அவர் சொல்ல வேண்டும், ஒரே ஒரு தடவை அந்த வாய் 'வேண்டாம்டி' என்று என்னைத் தடுக்க வேண்டும். தடுத்திருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ.

"ஆகட்டும்மா" என்றார் மாமி. "மழை வர மாதிரி இருக்கு. அதுக்குள்ளே சாமானை ஏத்திடு."

புது வீட்டில் போண்டாவுக்கு நன்றாகக் குணமாகிவிட்டது. கண் வெள்ளையாகிவிட்டது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சிரிக்கிறார். கோழியும் பூசணியும் சோறும் வைத்தால் முகர்ந்து பார்த்து, என்னைப் பார்த்து, வேறு வழியில்லாமல் தின்கிறான். இந்த வீட்டில் ஒரு நாளும் அவன் அப்படிக் குனிந்து நிற்கவில்லை.

போன மாதம் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அக்ரஹாரம் வழியாக வந்தேன். போண்டா ஸ்கூட்டரின் முன்கூடையில் இருந்தான். கோயில் படியிலிருந்து மாமி இறங்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான் பார்க்காத மாதிரி போயிருப்பேன். ஆனால் போண்டா கூடையிலிருந்து குதித்துவிட்டான். நேராக ஓடி அவர் காலடியில் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் ஒட்டி, பின்பக்கத்தை உயர்த்தி நின்றான். எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். வயிறு மெத்தென்று இருந்தது. அழுத்தினேன், முனகவில்லை. வால் ஆடிக்கொண்டே இருந்தது. வலி எதுவும் இல்லை. விடிகாலையில் எழுந்து சமைப்பவள் நான், அவன் போய் விழுந்தது அவர் காலில்.

"பாத்தியோ, மறக்கலை" என்றார் மாமி. குனிந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்தார். தோளில் கோயிலுக்கு எடுத்துப்போகும் துணிப்பை.

"மாமி, அவனுக்கு ஒண்ணும் குடுத்துராதீங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "ஆகட்டும்."

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் போய் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி வந்து அவனைத் தூக்கினேன். வழி முழுக்கக் கூடையில் பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தான். வீட்டுக்கு வந்து, எப்போதும் போல ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்தேன். நாக்கை விட்டு வாயோரத்தை நக்கிக்கொண்டே இருந்தான். துண்டை என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். நெய் மணத்தது.